டிஎம்டி ரிப்போர்ட்டில் 'நெகட்டிவ்' மட்டும் பார்த்தால் போதுமா? யாரும் கண்டுகொள்ளாத 2 எண்கள் சொல்வது என்ன?

மாஸ்டர் ஹெல்த் செக்கப் போய் வந்தவர்களின் ஃபைலைப் புரட்டினால், பெரும்பாலும் அதில் ஒரு டிஎம்டி ரிப்போர்ட் இருக்கும். நெஞ்சில் ஒயர்களை ஒட்டி, டிரெட்மில்லில் நடக்கவிட்டு, மூச்சு வாங்கும் வரை வேகத்தைக் கூட்டிக்கொண்டே போவார்களே, அந்த டெஸ்ட்தான். ரிப்போர்ட் கைக்கு வந்ததும் எல்லோரும் தேடுவது கடைசி வரியை. 'நெகட்டிவ்' என்று இருந்தால் நிம்மதி. ஃபைல் நேராக பீரோவுக்குள் போய்விடும்.

ஆனால் அதே தாளில் அச்சாகி இருக்கும் வேறு இரண்டு எண்களைப் பெரும்பாலானவர்கள் பார்ப்பதே இல்லை. ஒன்று, எவ்வளவு கடினமான உழைப்பு வரை உடம்பு தாக்குப்பிடித்தது என்பது. இன்னொன்று, டிரெட்மில் நின்றதும் இதயத் துடிப்பு எவ்வளவு வேகமாக இறங்கியது என்பது. அடுத்த சில ஆண்டுகளில் ஒருவரின் ஆயுள் எப்படி இருக்கும் என்பதை இந்த இரண்டும் ஓரளவு முன்கூட்டியே காட்டுகின்றன என்று கடந்த 35 ஆண்டுகளாக ஆய்வுகள் சொல்லி வருகின்றன. 'ஓரளவு' என்ற சொல் இங்கே முக்கியம். அது ஏன் என்பதை 2025-ல் வெளியான ஒரு ஸ்வீடன் ஆய்வு காட்டியிருக்கிறது.

'நெகட்டிவ்' என்றால் என்ன அர்த்தம்?

டிஎம்டி அடிப்படையில் ஒரே ஒரு கேள்விக்காக உருவான டெஸ்ட். உடம்பு உழைக்கும்போது இதயத் தசைக்கு ரத்தம் போதுமான அளவு போகிறதா, இல்லையா? போகவில்லை என்றால் இசிஜி கோட்டில் அதற்கே உரிய மாற்றம் தெரியும். தெரிந்தால் 'பாசிட்டிவ்', தெரியாவிட்டால் 'நெகட்டிவ்'. அவ்வளவுதான்.

இன்று உலகம் முழுக்கப் பயன்படும் 'புரூஸ்' முறையை வகுத்தவர் அமெரிக்காவின் சியாட்டில் நகர இதய மருத்துவர் ராபர்ட் புரூஸ். முதல் 3 நிமிடம் மணிக்கு 2.7 கி.மீ. வேகம், 10 சதவீத ஏற்றம். அடுத்த 3 நிமிடம் 4 கி.மீ., 12 சதவீதம். அதற்கடுத்து கிட்டத்தட்ட 5.5 கி.மீ., 14 சதவீதம். இப்படி 3 நிமிடத்துக்கு ஒருமுறை வேகமும் ஏற்றமும் கூடும். முதல் கட்டம் வீட்டு வாசலில் உலாத்துகிற மாதிரி இருக்கும். மூன்றாவது கட்டம் மலையேறுகிற மாதிரி.

நெகட்டிவ் வந்தது என்றால், டெஸ்ட் நடந்த அந்தச் சில நிமிடங்களில் ரத்த ஓட்டக் குறைபாடு பிடிபடவில்லை என்றுதான் பொருள். ரத்தக் குழாயில் அடைப்பே இல்லை என்பதற்கான சான்றிதழ் அல்ல அது. இந்த டெஸ்ட் தப்பாகவும் காட்டும். குறிப்பாகப் பெண்களுக்கு, பிரச்னை இல்லாதபோதே பாசிட்டிவ் காட்டுவது அதிகம் என்பது இதய மருத்துவர்களுக்கு நன்றாகவே தெரிந்த விஷயம்.

'மெட்' என்றொரு கணக்கு

இப்போது முதல் எண்ணுக்கு வரலாம். ரிப்போர்ட்டில் 'மெட்ஸ்' என்ற பெயருக்கு எதிரே 7.0, 10.2 என்று ஏதாவது இருக்கும். சும்மா உட்கார்ந்திருக்கும்போது உடம்பு செலவழிக்கும் ஆக்ஸிஜன்தான் 1 மெட். உடல் எடையில் ஒரு கிலோவுக்கு நிமிடத்துக்கு 3.5 மில்லி லிட்டர் என்று கணக்கு. 7 மெட் என்றால் உட்கார்ந்திருப்பதைப் போல 7 மடங்கு உழைப்பு. சற்று வேகமாக நடப்பது 3 முதல் 4 மெட்டுக்குள் அடங்கும். புரூஸ் முறையில் இரண்டாவது கட்டத்தை முடித்தவர் சுமார் 7 மெட்டையும், மூன்றாவதை முடித்தவர் சுமார் 10 மெட்டையும் தொட்டிருப்பார்.

இந்த எண்ணுக்கும் ஆயுளுக்கும் என்ன சம்பந்தம்?

2002-ல் 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' இதழில் வந்த ஆய்வுதான் இதில் அதிகம் பேசப்பட்டது. கலிஃபோர்னியாவில் டிரெட்மில் டெஸ்ட்டுக்கு அனுப்பப்பட்ட 6,213 ஆண்களைச் சராசரியாக 6 ஆண்டுகளுக்கு மேல் கவனித்தார்கள். அதில் 1,256 பேர் இறந்தனர். யார் இறந்தார்கள், யார் இருக்கிறார்கள் என்பதைப் பிரித்துப் பார்த்தபோது, பிபி, புகைப்பழக்கம், சுகர் எல்லாவற்றையும் விட அழுத்தமாக வித்தியாசம் காட்டியது அவர்கள் தொட்ட உச்ச மெட். ஒவ்வொரு மெட் கூடும்போதும் உயிர் பிழைத்திருக்கும் வாய்ப்பு 12 சதவீதம் கூடியிருந்தது.

இதில் இன்னொரு தகவலும் உண்டு. புகைபிடிப்பவர்களை மட்டும் தனியே எடுத்தாலும், சுகர் உள்ளவர்களை மட்டும் எடுத்தாலும், உடல் பருமன் உள்ளவர்களை மட்டும் எடுத்தாலும் கதை மாறவில்லை. 5 மெட்டைத் தாண்டாதவர்களின் இறப்பு அபாயம், 8 மெட்டைத் தாண்டியவர்களைப் போல ஏறத்தாழ 2 மடங்கு. 'எனக்குத்தான் சுகர் இருக்கே, இனி மெட்டைப் பார்த்து என்ன ஆகப் போகுது' என்று விட்டுவிட முடியாது என்பதுதான் இதன் அர்த்தம்.

ஆண்களை வைத்தே எல்லாம் எழுதப்படுகிறதே என்ற கேள்வி நியாயமானது. 2003-ல் சிகாகோ பகுதியில் எந்த அறிகுறியும் இல்லாத 5,721 பெண்களை வைத்து நடந்த ஆய்வு வெளியானது. அதில் ஒவ்வொரு மெட்டுக்கும் இறப்பு அபாயம் 17 சதவீதம் குறைந்தது. அதாவது ஆண்களைவிடப் பெண்களிடம் இந்த எண் இன்னும் கூர்மையாகப் பேசியது.

2018-ல் கிளீவ்லாந்து கிளினிக் மருத்துவமனை 1,22,007 பேரின் டிரெட்மில் முடிவுகளை ஆராய்ந்தது. சராசரிக்குக் கீழே இருந்தவர்களுக்கும் மேலே இருந்தவர்களுக்கும் இடையிலான இறப்பு அபாய வித்தியாசம் 1.41 மடங்கு. அதே ஆய்வில் புகைபிடிப்பதால் கூடிய அபாயமும் 1.41 மடங்குதான்! மிகக் கீழே இருந்தவர்களை உச்சத்தில் இருந்தவர்களோடு ஒப்பிட்டால் வித்தியாசம் 5 மடங்கு. சிகரெட் பாக்கெட்டில் படத்தோடு எச்சரிக்கை போடுகிறோம். மெட் குறைவுக்கு ரிப்போர்ட்டில் ஒரு சிவப்புக் கோடுகூட இல்லை.

இதையெல்லாம் பார்த்துத்தான் 2016-லேயே அமெரிக்க இதயச் சங்கம், பிபி, நாடித் துடிப்பு போல இந்த உடல் திறனையும் அடிப்படை அளவாகவே மருத்துவர்கள் பார்க்க வேண்டும் என்று அறிக்கை வெளியிட்டது.

'ரெண்டு மாடி ஏறுவீங்களா?'

ஆபரேஷனுக்கு முன்னால் மயக்க மருந்து மருத்துவர் கேட்கும் கேள்வி இது. சுமார் 4 மெட் தாங்குமா என்பதைத்தான் அவர் இப்படிச் சுற்றிவளைத்துக் கேட்கிறார். டெஸ்ட் எதற்கு, கேட்டே தெரிந்துகொள்ளலாமே என்று தோன்றும். 2018-ல் 'லான்செட்' இதழில் வந்த ஆய்வு இந்த நம்பிக்கையை உடைத்தது. கனடா, பிரிட்டன், ஆஸ்திரேலியா, நியூசிலாந்தில் 25 மருத்துவமனைகளில் 1,401 நோயாளிகளிடம் பேசி மருத்துவர்கள் ஒரு மதிப்பீட்டுக்கு வந்தனர். பிறகு அதே நோயாளிகளுக்கு முறையான டெஸ்ட் எடுக்கப்பட்டது. 4 மெட்டைத் தொட முடியாதவர்களில் வெறும் 19 சதவீதம் பேரைத்தான் மருத்துவர்கள் சரியாகக் கணித்திருந்தார்கள். மீதிப் பேர் 'நல்லாத்தான் நடக்கிறேன் டாக்டர்' என்று தப்பித்துவிட்டார்கள்.

ரிப்போர்ட்டில் ஏமாறும் இடங்கள்

மெட் எண்ணை அப்படியே நம்பிவிடவும் கூடாது. சாதாரண டிஎம்டி-யில் ஆக்ஸிஜனை யாரும் அளப்பதில்லை. டிரெட்மில்லின் வேகம், ஏற்றம், நிமிடம் ஆகியவற்றை வைத்து மெஷின் போடும் கணக்குதான் அது. கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, பாதி எடையைக் கைகளில் தாங்கி நடந்தாலும் மெஷினுக்குத் தெரியாது. முழு மார்க் போட்டுவிடும். முதல்முறை டிரெட்மில் ஏறுகிறவர்கள் விழுந்துவிடுவோமோ என்ற பயத்தில் செய்வது சரியாக இதைத்தான்.

நேர் எதிரான தவறும் நடக்கும். 220-லிருந்து வயதைக் கழித்தால் வருவது உச்சத் துடிப்பு, அதில் 85 சதவீதத்தைத் தொட்டாலே போதும் என்று டெஸ்ட்டை நிறுத்திவிடும் வழக்கம் பல இடங்களில் உண்டு. இசிஜி பார்க்க அது போதலாம். ஆனால் அந்த ஆள் இன்னும் 3 நிமிடம் நடந்திருப்பாரோ என்னவோ! அப்போது ரிப்போர்ட்டில் இருக்கும் மெட் அவருடைய உச்சமே அல்ல. 220 கழித்தல் வயது என்பதும் சராசரிக் கணக்குதான். ஆளுக்கு ஆள் 10, 12 துடிப்பு முன்னே பின்னே இருக்கும்.

அதனால் ரிப்போர்ட்டில் 'டெஸ்ட் எதனால் நிறுத்தப்பட்டது' என்ற வரியையும் சேர்த்துப் படிக்க வேண்டும். களைப்பா, நெஞ்சு வலியா, துடிப்பு இலக்கைத் தொட்டதா? அது தெரியாமல் மெட் எண்ணை மட்டும் வைத்துப் பேசுவதில் பொருளில்லை.

துடிப்பு இறங்கும் வேகம்

இரண்டாவது எண்ணுக்குப் பல ரிப்போர்ட்டுகளில் தனிப் பெயரே இருக்காது. டிரெட்மில் உச்சத்தில் துடிப்பு 160, அடுத்த ஒரு நிமிடம் கழித்து 135 என்றால் இறக்கம் 25. இரண்டும் அட்டவணையில் இருக்கும், கழித்துப் பார்த்தால் கிடைத்துவிடும்.

1999-ல் கிளீவ்லாந்து கிளினிக் மருத்துவர்கள் 2,428 பேரை 6 ஆண்டுகள் கவனித்தார்கள். முதல் நிமிடத்தில் 12 அல்லது அதற்கும் குறைவாக மட்டுமே துடிப்பு இறங்கியவர்கள் 26 சதவீதம் பேர். இவர்களின் இறப்பு அபாயம் மற்றவர்களைப் போல 4 மடங்கு. வயது, மற்ற நோய்கள் எல்லாவற்றையும் கழித்துப் பார்த்த பிறகும் 2 மடங்கு நின்றது. உழைப்பு முடிந்ததும் இதயத்துக்கு பிரேக் போடுவது வேகஸ் என்ற நரம்பு. பிரேக் சரியாகப் பிடிக்கவில்லை என்பதன் அடையாளம்தான் இந்த மந்தமான இறக்கம் என்பது மருத்துவர்களின் விளக்கம்.

ஆனால் இந்த '12' என்ற கணக்கு, டெஸ்ட் முடிந்ததும் மெதுவாக நடந்து ஆசுவாசப்படுத்திக்கொண்டவர்களுக்கானது. சில இடங்களில் டெஸ்ட் முடிந்ததும் படுக்க வைத்துவிடுவார்கள். படுத்தால் துடிப்பு தானாகவே வேகமாக இறங்கும். அப்போது எல்லை 18. அதேபோல, பிபிக்காக 'பீட்டா பிளாக்கர்' வகை மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்குத் துடிப்பு மேலேயே ஏறாது. இதெல்லாம் தெரியாமல் ஸ்மார்ட் வாட்ச்சில் இறக்கத்தைப் பார்த்துவிட்டு ராத்திரியெல்லாம் தூக்கம் கெட வேண்டியதில்லை.

ரீல்ஸில் வரும் டெஸ்ட்டுகள் உண்மையா?

கையை ஊன்றாமல் தரையில் உட்கார்ந்து எழுவது, ஒற்றைக் காலில் 10 விநாடி நிற்பது. 'இதைச் செய்ய முடியலைன்னா ஆயுள் கம்மி' என்று வீடியோக்கள் சுற்றுகின்றன. இரண்டுமே கட்டுக்கதை இல்லை. இரண்டையும் ஆராய்ந்தது பிரேசிலின் ரியோ டி ஜெனிரோவைச் சேர்ந்த மருத்துவர் கிளாடியோ கில் அராவுஜோவின் குழு. ஒற்றைக் கால் ஆய்வு 2022-ல் வந்தது. 51 முதல் 75 வயது வரையிலான 1,702 பேரில் சுமார் 5-ல் ஒருவரால் 10 விநாடி நிற்க முடியவில்லை. அவர்களின் இறப்பு அபாயம் 84 சதவீதம் அதிகம். தரையில் உட்கார்ந்து எழும் டெஸ்ட்டில் 4,282 பேரை 12 ஆண்டுகள் தொடர்ந்த முடிவு 2025-ல் வெளியானது. முழு 10 மதிப்பெண் எடுத்தவர்களில் இறந்தவர்கள் 4 சதவீதத்துக்கும் குறைவு. 0 முதல் 4 வரை எடுத்தவர்களில் 42 சதவீதம்.

42 என்றதும் பதற வேண்டாம். குறைந்த மதிப்பெண் எடுத்தவர்களில் வயதானவர்களும் ஏற்கெனவே நோய் உள்ளவர்களும் அதிகம். அதையெல்லாம் கணக்கில் எடுத்தபோது 11 மடங்கு வித்தியாசம் சுமார் 4 மடங்காகச் சுருங்கியது. ரீல்ஸில் இந்த இரண்டாவது பாதி வருவதில்லை. தவிர, மூட்டு வலி உள்ளவர்கள் தனியாக இருக்கும்போது இதை முயன்று பார்ப்பது வீண் வேலை.

இந்தியாவும் இடம்பெற்ற ஆய்வு ஒன்று உண்டு. 17 நாடுகளில் 1,39,691 பேரின் கைப்பிடி வலுவை ஒரு சிறு கருவியால் அளந்து, 2015-ல் 'லான்செட்' இதழில் வெளியிட்டார்கள். வலு 5 கிலோ குறைந்தால் இறப்பு அபாயம் 16 சதவீதம் கூடியது. பிபி அளவைவிட இது நன்றாக முன்கணித்தது. ஆனால் தெற்காசியர்களின் சராசரி கைப்பிடி வலு ஐரோப்பியர்களைவிடக் குறைவு என்பதும் அதே திட்டத்தின் அடுத்த ஆய்வில் தெரிந்தது. ஐரோப்பிய அட்டவணையை வைத்துக்கொண்டு நம்ம ஊர் கையை அளந்தால் எல்லோரும் ஃபெயில்தான்.

ஸ்வீடன் எழுப்பிய சந்தேகம்

இவ்வளவு ஆய்வுகளுக்குப் பிறகும் ஒரு கேள்வி பாக்கி இருக்கிறது. மெட் அதிகம் உள்ளவர்கள் நீண்ட நாள் வாழ்கிறார்கள், சரி. மெட்டால்தான் வாழ்கிறார்களா?

ஸ்வீடனில் ஒரு காலத்தில் 18 வயதான ஆண்கள் கட்டாய ராணுவச் சேவைக்கான தேர்வுக்குப் போக வேண்டும். அங்கே சைக்கிள் மிதிக்க வைத்து உடல் திறனை அளப்பார்கள். 1972 முதல் 1995 வரை அப்படி அளக்கப்பட்ட 11 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் பதிவுகளை உப்சாலா பல்கலைக்கழக ஆய்வாளர் மார்செல் பாலின் குழு எடுத்தது. எதிர்பார்த்ததுதான் வந்தது. திறன் அதிகம் உள்ள பிரிவினர் இதய நோயால் இறப்பது, திறன் மிகக் குறைந்த பிரிவினரைவிட 58 சதவீதம் குறைவு. எல்லாக் காரணங்களையும் சேர்த்தால் 53 சதவீதம் குறைவு.

பிறகு அந்தக் குழு விவகாரமான ஒரு வேலை செய்தது. விபத்துச் சாவுகளை எடுத்துப் பார்த்தது. கார் மோதி இறந்தவர்கள், நீரில் மூழ்கியவர்கள், கொலை செய்யப்பட்டவர்கள். 18 வயதில் நன்றாக சைக்கிள் மிதித்தவரை, பல ஆண்டுகள் கழித்து கார் மோதாமல் இருக்க எந்தக் காரணமும் இல்லை. ஆனால் அங்கேயும் திறன் அதிகம் உள்ளவர்களின் அபாயம் 53 சதவீதம் குறைவாக வந்தது!

இதற்கு என்ன அர்த்தம்? திறன் உள்ளவர்களும் இல்லாதவர்களும் வேறு பல விஷயங்களிலும் வேறுபட்டவர்கள். குடும்ப வருமானம், படிப்பு, குடிப்பழக்கம், வசிக்கும் இடம், பிறவியிலேயே அமைந்த உடல்வாகு என அந்தப் பட்டியல் நீளும். இந்த வேறுபாடுகளையும் சேர்த்துத்தான் மெட் எண் சுமக்கிறது. ஒருவரின் நிலையைக் காட்டும் கண்ணாடியாக அது நன்றாகவே வேலை செய்கிறது. ஆனால் '12 சதவீதம்', '5 மடங்கு' என்பதையெல்லாம் உடற்பயிற்சி தரும் லாபமாக அப்படியே எழுதிவிட முடியாது. பல செய்திகள் அப்படித்தான் எழுதப்பட்டு வந்திருக்கின்றன. உடற்பயிற்சியால் பயனே இல்லை என்று இந்த ஆய்வு சொல்லவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். பிபி, சுகர், மனநலம் ஆகியவற்றில் அதன் பலன் தனியாக, வேறு வகை ஆய்வுகளில் நிரூபணமானது.

அப்போ, மெட்டை ஏற்றினால் ஆயுள் கூடுமா?

நேரடியாகச் சோதித்துப் பார்த்தது நார்வே. டிரான்ட்ஹெய்ம் நகரில் 70 முதல் 77 வயதுக்குள் இருந்த 1,567 பேரைக் குலுக்கல் முறையில் பிரித்து, 5 ஆண்டுகள் பயிற்சி கொடுத்தார்கள். 2020-ல் முடிவு வந்தது. கடும் பயிற்சிப் பிரிவில் இறந்தவர்கள் 3 சதவீதம். மிதமான பயிற்சிப் பிரிவில் 5.9. வழக்கமான அரசு அறிவுரையை மட்டும் பின்பற்றியவர்களில் 4.7. புள்ளியியல் கணக்கில் இந்த வித்தியாசங்கள் உறுதியானவை அல்ல. அங்கே 'சும்மா இருந்த' பிரிவினரே நன்றாக நடக்கும் ஆட்கள் என்பது ஒரு காரணம்.

நம்ம நிலைமை அப்படி இல்லை. 2022-ல் இந்தியப் பெரியவர்களில் 49.4 சதவீதம் பேர் போதுமான அளவு உடலுழைப்பு இல்லாதவர்கள் என்று 2024-ல் வெளியான உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு சொல்கிறது. பெண்களில் இது 57 சதவீதம். வீட்டு வேலை முழுக்கச் செய்கிற பெண்களையும் சேர்த்துத்தான் இந்தக் கணக்கு என்பதால் அந்த எண் உறுத்துகிறது.

அடிமட்டத்தில் இருப்பவர்கள் கொஞ்சம் ஏறினால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவின் டல்லாஸ் நகரில் நடந்த பழைய ஆய்வு இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது. 9,777 ஆண்களுக்கு சுமார் 5 ஆண்டு இடைவெளியில் இரண்டு முறை டிரெட்மில் டெஸ்ட் எடுத்தார்கள். இரண்டு முறையும் திறன் குறைவாக இருந்தவர்களிடம் ஆண்டுக்குப் பத்தாயிரத்துக்கு 122 பேர் என்ற கணக்கில் இறப்பு இருந்தது. முதலில் குறைவாக இருந்து பிறகு தேறியவர்களிடம் அது 68. இரண்டு முறையும் நன்றாக இருந்தவர்களிடம் 40. தேறியவர்கள் வேறு வகையிலும் மாறியிருக்கலாம் என்ற ஸ்வீடன் சந்தேகம் இங்கேயும் பொருந்தும். ஆனாலும் இது ஒரே ஆளை அவரோடேயே ஒப்பிடுவதால், ஒரே ஒரு டெஸ்ட்டை வைத்துப் பேசும் ஆய்வுகளைவிட ஒரு படி மேல்.

எல்லோரும் டிஎம்டி எடுக்கணுமா?

வேண்டியதில்லை. அறிகுறி எதுவும் இல்லாத, அபாயம் குறைந்த பெரியவர்களுக்கு இசிஜி, டிரெட்மில் டெஸ்ட் மூலம் இதய நோயைத் தேட வேண்டாம் என்றே 2018-ல் அமெரிக்க தடுப்புச் சேவைகள் பணிக்குழு பரிந்துரைத்தது. தப்பான பாசிட்டிவ் வந்தால் ஆஞ்சியோகிராம் வரை இழுத்துக்கொண்டு போய்விடும் என்பது அதன் கவலை. மெட் எண் தெரிய வேண்டும் என்பதற்காக மட்டும் பணம் கட்டி டெஸ்ட் எடுப்பதில் அர்த்தமில்லை.

ஆனால் ஏற்கெனவே எடுத்தாகிவிட்டது என்றால், அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கப் போகும்போது பீரோவில் இருக்கும் பழைய ரிப்போர்ட்டையும் கையோடு எடுத்துப் போகலாம். இரண்டிலும் புரூஸ் முறைதானா, எதனால் நிறுத்தினார்கள், கைப்பிடியைப் பிடித்திருந்தீர்களா, இடையில் பிபி மாத்திரை மாறியதா என்று பார்த்துவிட்டு இரண்டு மெட்டையும் ஒப்பிட்டுச் சொல்லச் சொல்லுங்கள். வயது கூடக்கூட மெட் தானாகவே கொஞ்சம் குறையும். பெண்களுக்கு, 14.7-லிருந்து வயதை 0.13-ஆல் பெருக்கிக் கழித்தால் அந்த வயதுக்கு எதிர்பார்க்கப்படும் மெட் கிடைக்கும் என்று சிகாகோ ஆய்வுக் குழு 2005-ல் ஒரு சூத்திரமே வெளியிட்டது. 45 வயதுப் பெண்ணுக்கு அது சுமார் 8.9. அதில் 85 சதவீதத்துக்கும் கீழே, அதாவது 7.5-க்கும் கீழே வந்தவர்களுக்கு இறப்பு அபாயம் 2 மடங்காக இருந்தது. அமெரிக்கப் பெண்களை வைத்துப் போட்ட கணக்கு அது. நம்ம ஊர் ரிப்போர்ட்டில் 7 என்று இருந்தால், மருத்துவரிடம் பேச்சை ஆரம்பிக்க அது போதும்.